மெயிலின் மேலே இறந்தவர் பெயர்

சில வருடங்களுக்கு முன், குறுவை அறுவடை மும்முரமாக நடந்த நேரம். பூதலூர் பக்கம் ஒரு அரிசி ஆலையின் அலுவலகத்தில் நான் வேலைக்குச் சேர்ந்த புதிது.

எங்கள் அரிசியை வாங்கி வளைகுடாவில் கடை வைத்து விற்றவர் நம் கடலோரத்து ஊர்க்காரர். திடீரென மாரடைப்பில் போய்விட்டார். அவர் மனைவி கடையை எடுத்து நடத்த ஆரம்பித்தார். மெயில் முகவரி மட்டும் பழையதுதான். ஒருநாள் அந்த அம்மா போன் செய்தார்.

"மெயிலுக்குள்ள என் பேரு சரியா இருக்கும்மா. மேல, யாருக்குன்னு வர்ற இடத்துல எப்பவும் எங்க வீட்டுக்காரர் பேருதான் வருது. பார்க்குறப்பல்லாம் நெஞ்சு பதறுது. இன்னொரு தடவை வந்தா, வேற ஆலையைப் பார்த்துக்குறேன்."

உடனே மெயிலில் உள்ள முகவரிப் புத்தகத்தைத் திறந்து பெயரை மாற்றினேன். அடுத்து அவருக்கு மெயில் அனுப்பும் முன் ஒரு யோசனை வந்தது. அந்த மெயிலை முதலில் என் முகவரிக்கும் முதலாளிக்கும் மட்டும் போகும்படி செய்யலாமா என்று. ஆனால் அந்த அம்மாவின் முகவரி இல்லாமல் எப்படிச் சோதிப்பது? நகல் எனக்கு வரும்படி வைத்து, சரக்கு கிளம்பிய தகவலை அவருக்கே அனுப்பினேன்.

என் போனில் திறந்து பார்த்தேன். மேலே அதே பழைய பெயர்! உடனே அந்த அம்மாவுக்குப் போன் செய்து மன்னிப்புக் கேட்டு, ஒரே ஒரு நாள் அவகாசம் வாங்கினேன்.

கம்ப்யூட்டர் பழுது பார்ப்பவர் வந்து, "உங்க பக்கம் எல்லாம் சரி. கோளாறு அவங்க பக்கம்தாங்க" என்றார். முதலாளிக்கு நிம்மதி. எனக்கு இல்லை. நகல் என் போனிலேயே அப்படி வந்திருக்கிறதே, பிறகு அந்த அம்மாமேல் எப்படிப் பழி போடுவது?

ஒவ்வொரு படியாக மறுபடி செய்து பார்த்தேன். முகவரியின் முதல் எழுத்தைத் தட்டியதுமே முழு முகவரியும் தானாக வந்து நின்றது, பழைய பெயரோடு. அப்போதுதான் புரிந்தது. முகவரிப் புத்தகம் வேறு, முன்பு அனுப்பிய முகவரிகளை மெயில் தானாக நினைவில் வைத்திருப்பது வேறு. அந்த நினைவை அழித்தேன். முதலாளியின் போனிலும் அதே பெயர் ஒளிந்திருந்தது, அதையும் அழித்தேன்.

"நீயே அனுப்பும்மா" என்றார் முதலாளி.

அனுப்பினேன். நகலில் அந்த அம்மாவின் பெயர்! நான் போட்ட சத்தத்தில் களத்தில் நெல் காயவைத்துக்கொண்டிருந்தவர்கள் ஓடிவந்து எட்டிப் பார்த்தார்கள். கொஞ்ச நேரத்தில் போன் வந்தது.

"என் பேரு வந்திருக்கும்மா. இன்னைக்குத்தான் இது என் கடைன்னு தோணுது."

அந்தப் பருவத்தில் முன்னைவிடப் பெரிய ஆர்டர் அவரிடமிருந்துதான் வந்தது. முதலாளி ஆலை முழுக்க என் புகழ் பாடினார். எனக்கோ, ஒருவரை அவர் பெயராலேயே அழைப்பது எவ்வளவு பெரிய மரியாதை என்பது அன்றிலிருந்து ஒருநாளும் மறந்ததில்லை.