தளவாய்புரம் தியேட்டரும் ஆறு கையெழுத்தும்

திருட்டுப் படம் பகிரும் எங்கள் டெலிகிராம் குழு, தளவாய்புரத்தில் பூட்டிக்கிடக்கும் தியேட்டரைக் குத்தகைக்கு எடுத்து நடத்துவது என்று முடிவு செய்துவிட்டது. ஃபோனில் பார்த்துப் பார்த்து எல்லோருக்கும் கண் போனதுதான் காரணம்.

இன்று காலை ராஜபாளையத்தில் இருக்கும் உரிமையாளர் அண்ணாச்சியின் கடைக்கு ஆறு பேர் போனோம். ஒருவரையொருவர் நேரில் பார்ப்பதே இதுதான் முதல்முறை.

அண்ணாச்சி பத்திரத்தை நீட்டினார். "அவங்கவங்க பேரு, விலாசம் எழுதிக் கையெழுத்துப் போடுங்க."

பேனா ஒரு சுற்றுச் சுற்றி அவரிடமே திரும்பி வந்தது. குழுவில் நாங்கள் 'கருஞ்சிறுத்தை', 'சுனாமி' என்றே பழகியவர்கள். அட்மின் சுனாமி என் மகளின் கணக்கு வாத்தியார் என்பதே எனக்கு இன்றுதான் தெரியும்.

"பேரு சொல்லவே பயந்தா தியேட்டர எப்படி நடத்துவிய? அத மூட வச்சதே உங்கள மாதிரி ஆளுகதான். செத்த நேரத்துல அந்த எடத்தப் பஞ்சு குடோனுக்குக் கேட்டு ஆள் வாராவ."

"மூட வச்சவங்களே தொறக்கோம் அண்ணாச்சி," என்றார் வாத்தியார். சொன்னாரே தவிர பேனாவைத் தொடவில்லை.

குடோன் என்றதும் எனக்குப் பொறுக்கவில்லை. கருஞ்சிறுத்தையாகிய நான், அப்பா வைத்த பெயரை முழுசாக எழுதிக் கையெழுத்துப் போட்டேன். பிறகு மற்ற ஐந்து பேரும் வரிசையாகப் போட்டார்கள்.

திரும்பி வரும்போது பஸ்ஸிலேயே முதல் விதியைப் போட்டோம். உள்ளே எவனாவது படம் பிடித்தால் தியேட்டரை விட்டும் நீக்கம், குழுவை விட்டும் நீக்கம்.

திறப்பு விழாவுக்கு வருகிறவர்கள் கமெண்டில் சொந்தப் பெயரைப் போடுங்கள். வாசலில் சட்டைப் பையைச் சோதிப்பது என் பொறுப்பு. பையில் கேமராவுக்கு ஓட்டை எந்த இடத்தில் இருக்கும் என்று எனக்குத்தான் தெரியும்.