பாஷாவின் காலில் குத்திய முள்

சின்ன வயதில் எங்கள் மலையை என்னைவிட வேகமாக ஏற ஆளே கிடையாது. பொய்தான், சினை ஆடுகூட என்னை முந்திவிடும். நான் வேலை செய்யும் கல் அறுக்கும் பட்டறையில் இன்று ஈரக்கல் வாசனை மூக்கில் ஏறியதும் அந்த மலை ஞாபகம் வந்தது. மலைதான் இல்லை, முழுக்க கிரானைட் பலகையாகப் போய்விட்டது. பங்குனியில் தெருப்பிள்ளைகள் எல்லாரும் உதிர்ந்த புங்கம்பூவை மிதித்து ஏறி, உச்சிச் சுனையில் தண்ணீர் குடித்துவிட்டு, அந்தப் பக்கத் திருவிழாவுக்கு இறங்குவோம். உச்சிக்குக் கடைசியாக வருகிறவன்தான் அங்கிருந்து எல்லாருடைய சோற்று மூட்டையையும் சுமக்க வேண்டும். என் குச்சிக்கால்கள் வெறுங்கையோடு ஏறவே திணறும். ஆனால் எங்களில் வேகமான பாஷா, வருஷா வருஷம் உச்சிக்குப் பத்தடி கீழே உட்கார்ந்து, "முள்ளு குத்திக்கிச்சிடா, நீ போ" என்பான். அந்த முள்ளை நான் பார்த்ததே இல்லை. ஒருநாள் அவனிடமே கேட்டேன்...

இருங்கள், அவனே கூப்பிடுகிறான்.

"டேய் குச்சிக்காலா, பலகை வந்துருச்சு! இன்னைக்காவது ஒரு பக்கம் புடிடா!"