கெண்டைக்காலுக்கு நான் வைத்த கரண்ட்

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் அம்பத்தூர் இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டில், கருகிய மோட்டார்களுக்குப் புதுக் கம்பி சுற்றும் ரீவைண்டிங் கம்பெனி ஒன்றில் வேலை பார்த்தேன். ஐந்து வருடமாகக் கேஷுவல். அந்த வருடம் பர்மனன்ட் லிஸ்ட் வரப்போகிறது, அதில் என் பெயரும் இருக்கிறது என்று சூபர்வைசரே சொல்லியிருந்தார்.

ஆயுத பூஜை அன்று பொரி தின்ற கையோடு கம்பெனி வாசலில் வாலிபால் ஆடினோம். பந்துக்கு எம்பினேன். பின்னாலிருந்து யாரோ குதிகாலில் ஓங்கி உதைத்த மாதிரி இருந்தது. விழுந்த இடத்திலிருந்தே, பின்னால் நின்றவனை வாய்க்கு வந்தபடி திட்டினேன். அவன் பாவம், பத்தடி தள்ளி நின்றிருந்தான். எனக்கு எப்போதும் அப்படித்தான், வலி வருவதற்குள் கோபம் வந்துவிடும்.

குதிகாலுக்கு மேலே இருக்கும் தடித்த நார் அறுந்துவிட்டது என்றார்கள். ஆபரேஷன், மாவுக்கட்டு, ஒன்றரை மாதம் படுக்கை. கட்டைப் பிரித்தபோது என் கெண்டைக்காலைப் பார்த்து எனக்கே அழுகை வந்தது. சதையைக் காணோம், புடலங்காய் மாதிரி இருந்தது. நொண்டிக்கொண்டே கம்பெனிக்குப் போனேன். பொங்கல் முடிந்து வரும் ஒன்றாம் தேதி ஷிப்ட் முழுக்க நின்று வேலை செய்தால் லிஸ்டில் பெயர் இருக்கும், இல்லாவிட்டால் அடுத்த ஆள் என்றார் சூபர்வைசர். வார்னிஷ் நெடியில் ஐந்து வருடம் நின்றவனுக்கு உட்கார ஒரு ஸ்டூல்கூடப் போடாமல் சொன்னார்.

அம்பத்தூர் ஓ.டி. பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒரு சின்ன பிசியோதெரபி கிளினிக். அதை நடத்திய பெண்ணுக்கு என் தங்கை வயதுதான் இருக்கும். ஈரப் பஞ்சு வைத்த இரண்டு பட்டைகளைக் கெண்டைக்காலில் கட்டி கரண்ட் மெஷினைப் போடுவார். சதை சுருங்கும், விடும், மறுபடி சுருங்கும். கரண்ட் வரும்போதெல்லாம் நானும் பாதத்தைக் கீழே அழுத்த வேண்டும் என்று சொல்லிவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போவார். நான் பேப்பரை விரித்துக்கொள்வேன். கரண்ட்தான் இழுக்கிறதே, நான் வேறு எதற்கு? மோட்டாருக்கு சப்ளை கொடுத்துவிட்டு யாராவது கையாலும் சுற்றுவார்களா?

இரண்டு வாரமாகியும் கால் தேறவில்லை. கரண்டைக் கூட்டுங்கள் என்றேன், மாட்டேன் என்றார். அன்றாடம் நானூற்றி நாற்பது வோல்ட்டோடு மல்லுக்கட்டுகிறவனுக்கு இந்தச் சின்னப் பெண் கரண்டை அளந்து ஊற்றுகிறதே என்று எனக்கு ஆத்திரம்.

எங்கள் எஸ்டேட்டில் ஒரு பழக்கம். எந்த நாட்டு மெஷினாக இருந்தாலும் சாம்பிள் ஒன்றைக் கண்ணில் காட்டினால் போதும், அதே மாதிரி செய்துவிடுவோம். என்னோடு வேலை பார்த்தவன் வேறு ஏற்றிவிட்டான்.

"மாமே, எத்தினி மோட்டார ஓட வுட்டவன் நீ, உன் காலு ஓடாதா?"

போதாதா எனக்கு? கரண்டைக் குறைத்துக் கொடுக்கும் டிரான்ஸ்ஃபார்மர் ஒன்றை நானே சுற்றினேன். இரண்டு செம்புத் தகடு, ஈரத்துணி, இறுக்கிக் கட்ட சைக்கிள் டியூப். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, மனைவி சமையலில் இருந்த நேரம் பார்த்து சுவிட்சைப் போட்டேன்.

கிளினிக் மெஷின் பிடித்துப் பிடித்து விடும். என்னுடையது பிடித்தது, விடவே இல்லை. கெண்டைக்கால் கல்லாக இறுகி, தைத்த இடத்தைப் பிய்த்துவிடுவது போல் மேலே இழுத்தது. டியூப் முடிச்சை இழுத்து இழுத்துப் பார்த்தேன், அவிழவில்லை. நான் அலறியதைக் கேட்டு ஓடிவந்த மனைவிதான் பிளக்கைப் பிடுங்கினாள். தகடு இருந்த இடத்தில் தோல் வெந்திருந்தது.

மறுநாள் அவளே என்னைக் கூட்டிக்கொண்டு, அந்த டிரான்ஸ்ஃபார்மரைக் கட்டைப்பையில் போட்டு எடுத்துவந்து, கிளினிக் மேஜைமேல் வைத்தாள்.

"இன்னா பண்ணி வச்சிகீறார் பாருமா இந்த ஆளு. காலு கீதா, போச்சா, அத்த மட்டும் சொல்லு."

அந்தப் பெண் என்னைக் குப்புறப் படுக்கவைத்து, கெண்டைக்காலைப் பிசைந்து பாதம் அசைகிறதா என்று பார்த்தார். தையல் பிரியாமல் தப்பியிருந்தது. அப்புறம்தான் என்னிடம் பேசினார்.

"கரண்ட் சதையை எழுப்பி மட்டும்தாண்ணா விடும். அழுத்த வேண்டியது நீங்க. ரெண்டு வாரமா நீங்க பேப்பர் படிச்சதை நானும் பார்த்துக்கிட்டுதான் இருந்தேன். நாலு தடவை சொன்னேன்."

நாலு தடவை சொன்னது உண்மை. ஒரு தடவைகூட என் காதில் ஏறவில்லை. சின்னப் பெண்தானே என்ற இளக்காரம்.

புண் ஆறும்வரை கரண்ட் கிடையாது என்றுவிட்டார். துண்டைப் பாதத்தில் மாட்டி இழுத்துப் பிடித்துக்கொண்டு, நானே அழுத்தினேன். முதல் நாள் பத்து முறைக்குள் வேர்த்துக் கொட்டியது. அப்போதுதான் தெரிந்தது, அத்தனை நாளும் நான் ஒன்றுமே செய்யவில்லை என்று.

ஒன்றாம் தேதி வந்தது. என்னால் ஒரு மணி நேரம்கூட நிற்க முடியவில்லை. லிஸ்டில் என் இடத்தில் வேறு ஒருவர் பெயர். நான் பர்மனன்ட் ஆக இன்னும் மூன்று வருடம் பிடித்தது.

சூபர்வைசர்தான் என் பெயரை அடித்துவிட்டார் என்று கேட்டவர்களிடமெல்லாம் சொல்லித் திரிந்தேன். அவர் மேல் இருந்த கோபம் அவர் ரிட்டையர் ஆனதும் போய்விட்டது. ஆனால் என் காலை நான் ஊன்ற வேண்டிய நேரத்தில், எல்லாம் மெஷின் பார்த்துக்கொள்ளும் என்று காலை நீட்டிப் பேப்பர் படித்தவன் மேல் எனக்கிருக்கும் கோபம் இன்றுவரை ஆறவில்லை.