சோதித்துப் பார்க்காத ஓர் அழைப்பு

என் மருமகன் அருள்நேசன் இறந்த செய்தி, அவர் செய்துதந்த போனில்தான் எனக்கு வந்தது. வோபர்னில் எங்கள் அப்பார்ட்மென்ட் குசினியில் நான் தனியே நின்றேன். ஆம்புலன்ஸ்காரர் கழற்றிப் போட்ட கையுறை ஒன்று நிலத்தில் கிடந்தது. அதை எடுக்கக் குனிந்தபோது போன் அடித்தது. என் மகள் றெஜினா ஆஸ்பத்திரியில் இருந்து பேசினாள்.

“அம்மா, முடிஞ்சுது.”

அவ்வளவுதான். பக்கத்தில் நின்று சொன்னதுபோலக் குரல் தெளிவாக இருந்தது. அந்தத் தெளிவுக்காக அவர் எத்தனை மாதம் பாடுபட்டார் என்று எனக்குத் தெரியும். அதனால் அந்தத் தெளிவு எனக்குப் பயமாக இருந்தது.

முப்பத்தோராம் நாள் நினைவு மலருக்கு நான் எழுதுகிறேன் என்றதும் வீட்டில் யோசித்தார்கள். நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவள். எழுத்துப் பிழையை மகள் திருத்தட்டும். விஷயத்தைத் திருத்த விடமாட்டேன். ஏனென்றால் செத்தவீட்டில் அவருடைய அண்ணர் மனுவேல் மைக்கைப் பிடித்துக்கொண்டு, பெட்டிக்கு முன்னாலேயே, “தான் செய்த போனை நம்பித்தான் என்ர தம்பி போனான். அவசரத்துக்கு அது அழைக்கேல்லை” என்று சொன்னார். நான் எழும்பினேன். றெஜினா என் கையைப் பிடித்து இருத்திவிட்டாள். இருந்தேன். ஆனால் மறக்கவில்லை. அவர் விழுந்த அன்று வீட்டில் நின்றவள் நான் ஒருத்திதான். என்ன நடந்தது என்று அவரை அறிந்தவர்களுக்கும் அறியாதவர்களுக்கும் நான்தான் சொல்ல வேண்டும்.

கலியாணம் பேச வந்த நாளில் மனுவேல் என் தேத்தண்ணியை வாயில் வைக்கவில்லை. ஆறவிட்டார். தம்பி தன்னுடையதைக் குடித்துவிட்டு, அண்ணருடைய கோப்பையையும் எடுத்துக் குடித்தார். “நல்லா இருக்கு மாமி” என்றார். அன்றைக்கே எனக்கு ஆளைத் தெரிந்துவிட்டது. இருவரையும்தான்.

இந்த நாட்டுக்கு வந்த காலத்தில் தம்பி பிறம்ரனில் ஒரு வெயர்ஹவுஸில் பெட்டி தூக்கினார். பிறகு இரவுப் படிப்பு, அதன்பிறகு கணினி வேலை. வெயர்ஹவுஸில் கழித்துவிட்ட போன்களை ஒரு நாள் பையோடு வீட்டுக்குக் கொண்டுவந்தார். சாப்பாட்டு மேசை அன்றிலிருந்து எங்களுக்குச் சொந்தமில்லை.

“உந்தக் குப்பையை ஏன் தம்பி?”

“குப்பை இல்லை மாமி. ரெண்டு மூண்டு வருசத்தில செத்துப்போச்சு எண்டு சொல்லுவினம். சாகேல்லை. சாக்காட்டுகினம்.”

மேசைக் கணினிகளில் ஓடுகிற லினக்ஸ் என்ற இயங்குதளம் ஒன்று உண்டு. அது எந்தக் கொம்பனியின் பூட்டுக்குள்ளும் இல்லை. உள்ளே என்ன எழுதியிருக்கிறது என்று யாரும் பார்க்கலாம், திருத்தலாம், மற்றவருக்குக் கொடுக்கலாம். அதைக் கைப்போனுக்குள் கொண்டுவர வேண்டும் என்பது அவருடைய பிடிவாதம். பல நாடுகளில், முகம் பார்த்தறியாத ஆட்கள் அவரோடு சேர்ந்து சம்பளமில்லாமல் அதைச் செய்தார்கள்.

“ஊரில ஆமிக்காரன்ர சென்றியில பையைத் திற எண்டால் திறந்து காட்டினம், மாமி. ஆனால் பைக்குள்ள என்ன இருக்கு எண்டு எங்களுக்குத் தெரியும். இப்ப சட்டைப்பைக்குள்ள கொண்டுதிரியிற சாமானுக்குள்ள ஆர் இருக்கிறான் எண்டு எங்களுக்கே தெரியாது.”

முதல் போன் பார்க்கச் சகிக்கவில்லை. எறும்பு மாதிரி எழுத்து. படம் எடுத்தால் எல்லாரும் பச்சையாக, நோயாளிகள்போல வந்தோம். பேத்தி, “அப்பா, சீரியஸ்லி? இதுக்கு ரெண்டு தகரப்பேணியும் கயிறும் பெட்டர்” என்றாள். அவர் வயிறு குலுங்கச் சிரித்தார். பிறகு பெரிய எழுத்து வந்தது, தமிழ் வந்தது, கடைசியில் அழைப்பும் வந்தது. முதல் ஆளாக எனக்குத்தான் ஒன்று தந்தார். உடுப்புத் தோய்க்கிற நிலக்கீழ் அறையில் இருந்தும் லிப்டுக்குள் இருந்தும் எனக்கு அழைப்பு எடுத்து, கேட்கிறதா என்று கேட்பார். கேட்காவிட்டால் மேலே ஏறி வந்து போனைக் கழற்றுவார்.

படியில் ஏறும்போது நடுவில் நின்று போனைப் பார்ப்பார். போனைத்தான் பார்க்கிறார் என்று நினைத்தோம். மூச்சு வாங்கியிருக்கிறார். டொக்டர் இதயம் பலவீனம் என்று சொன்ன பிறகுதான் எங்களுக்கு விளங்கியது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து நான் சிநேகிதி ஒருத்தியோடு அவள் வீட்டுக்குப் போய்விட்டேன். றெஜினா எடுத்து எடுத்துப் பார்த்திருக்கிறாள். என் போன் அடிக்கவே இல்லை. வெளியே பனி வழுக்கிக் கிடந்தது. நான் எங்கோ விழுந்துவிட்டேன் என்று இருவரும் காரில் தெருத்தெருவாகத் தேடினார்கள். வீட்டுக்கு வந்ததும் மகள் வெடித்தாள்.

“அம்மா செத்துக் கிடந்தாலும் உங்கட போன் நித்திரைதான்!”

அவர் வாதாடவில்லை. பற்றரி மிஞ்சவேண்டும் என்று போனை உறங்கவைக்கும் வேலையை எழுதியவர் அவரேதான். அது அழைப்பு வந்தும் எழும்பாத அளவுக்கு ஆழமாக உறங்கியிருக்கிறது. அன்றைக்கே, தன் பெயரைப் போட்டு, தன் பிழை என்று எல்லா நாட்டுக்காரருக்கும் எழுதிவிட்டார். மனுவேல் அதை அறிந்து, “தன்ர முட்டாள்தனத்தைத் தானே விளம்பரம் பண்ணுறான்” என்று சிரித்தார். நான் தம்பியிடம் கேட்டேன், ஊருக்கெல்லாம் ஏன் சொல்ல வேண்டும் என்று.

“பிழையை ஒளிக்கேலாது மாமி. ஒளிச்சால் அது வேற ஆற்றையோ வீட்டில போய் நிக்கும்.”

அவர் எனக்குச் சொன்னவற்றுள் இதைத்தான் அதிகம் நினைத்துக்கொள்கிறேன்.

அந்தப் பிழையைத் திருத்தினார். அதன்பின் போன் தவறாமல் அடித்தது. ஆனால் போன மாரியில் ஒரு பின்னேரம், என் போனைக் கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“என்ன தம்பி, திரும்பவும் நித்திரையோ?”

“இல்லை மாமி. எல்லாத்தையும் சோதிச்சாச்சு. ஒண்டைத் தவிர.”

“எது?”

“ஒன்பது ஒண்டு ஒண்டு. அவசரத்துக்கு எடுக்கிற நம்பர். அதைச் சும்மா எடுத்துப் பாக்கேலாது. அங்கால ஆரோ ஒராள் நெருப்புக்குள்ள நிண்டு எடுக்கேக்கை நான் லைனை மறிச்சுக்கொண்டு நிக்கக்கூடாது. முன்கூட்டிக் கேட்டுச் செய்ய ஒரு ஒழுங்கு இருக்காம். விசாரிக்கிறன்.”

“அதுவரைக்கும் அது போகுமோ போகாதோ எண்டு எப்பிடித் தெரியும்?”

“தேவைப்படேக்கை தெரியும்.”

நான் சிலுவை போட்டுக்கொண்டேன். இந்தப் போனை மட்டும் நம்பியிருக்க வேண்டாம் என்று அவர் எல்லாருக்கும் எழுதியிருந்தார். எங்கள் வீட்டுக்கும் கடைப் போன் ஒன்று வாங்கி அலுமாரிக்குள் வைத்தார். இதை மனுவேல் மைக்கில் சொல்லவில்லை. அவருக்குத் தெரியாது. கேட்கவுமில்லை.

அன்று காலை றெஜினா வேலைக்குப் போய்விட்டாள். பேத்தி பள்ளிக்கூடம். தம்பியின் போன் வழக்கம்போல மேசையில் கழன்று கிடந்தது. நான் பாணுக்குச் சம்பல் இடித்துக்கொண்டு நின்றேன். கதிரை சரிந்த சத்தம் கேட்டது. திரும்பினேன். நிலத்தில் இருந்தார், முதுகைச் சுவரில் சாய்த்து, கையை நெஞ்சில் வைத்து. முகம் சாம்பல்.

அலுமாரிக்கு ஓடினேன். கடைப் போனில் சார்ஜ் இல்லை. எடுத்து வைத்த நாளிலிருந்து ஒருவரும் அதைத் தொடவில்லை. என் சட்டைப்பையில் இருந்தது அவர் செய்த போன். ஒன்பது, ஒன்று, ஒன்று. பச்சையை அழுத்தினேன்.

ஒன்றுமில்லை. மணியும் இல்லை, இரைச்சலும் இல்லை. திரை அப்படியே நின்றது. வெட்டிவிட்டுத் திரும்ப அழுத்தவா என்று தெரியவில்லை. அவரைப் பார்த்தேன். அவர் என்னைப் பார்க்கவில்லை, போனைப் பார்த்தார். வெட்டவேண்டாம் என்று தலையை ஆட்டினார். நான் பரலோக மந்திரம் சொல்லத் தொடங்கினேன். தொடங்கி, முடித்து, ஆமென் என்றும் சொன்னேன். அதற்குப் பிறகுதான் ஒரு பெண்ணின் குரல் வந்தது.

“போச்சுதா மாமி?”

“போச்சுது தம்பி. கதைக்கினம்.”

எனக்குத் தெரிந்த இங்கிலீசில் சொன்னேன். விலாசத்தை அவர் எனக்கு முன்பே பாடமாக்கியிருந்தார். அந்தப் பெண் லைனில் நின்றாள். அவர் கையைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் இருந்தேன். கை குளிர்ந்திருந்தது.

“கனநேரம் எடுத்தது, என்ன?”

“இப்ப அதை விடுங்கோ. மூச்சை விடுங்கோ.”

“சொல்லுங்கோ மாமி... அவையளுக்கு. போனதையும் சொல்லுங்கோ. சுணங்கினதையும் சொல்லுங்கோ.”

அதற்குப் பிறகு அவர் பேசவில்லை. ஆட்கள் வந்தார்கள், ஏற்றினார்கள், கதவைச் சாத்தினார்கள்.

டொக்டர், கொஞ்சம் முந்தி வந்திருந்தாலும் தப்பியிருப்பார் என்று சொல்ல முடியாது என்றார். தப்பியிருக்க மாட்டார் என்றும் சொல்லவில்லை. அந்த இரண்டுக்கும் இடையில்தான் என் மகள் இப்போது சீவிக்கிறாள். இதை எழுதுகிறேன் என்றதும் அழுதாள்.

“போனதை எழுதுங்கோ அம்மா. சுணங்கினதை எழுதாதேங்கோ. மனுவேல் அத்தான் ஆக்கள் அதைப் பிடிச்சுக்கொள்ளுவினம்.”

பிடித்துக்கொள்வார்கள். எனக்கும் தெரியும். அந்த மனிதருடைய கையில் ஒரு சொல் கொடுக்கவும் எனக்கு விருப்பமில்லை. ஆனால் இது என் சொல் இல்லை, தம்பி என்னிடம் ஒப்படைத்தது. ஆகவே எழுதுகிறேன்: மனுவேல், உங்கள் தம்பியின் போன் அழைத்தது. நீங்கள் சொன்னது பொய். அது அழைக்கச் சுணங்கியது. அதை நீங்கள் சொல்லவில்லை, நான் சொல்கிறேன்.

செத்தவீடு முடிந்த கையோடு, நான் சொல்லச் சொல்லப் பேத்தி இங்கிலீசில், தம்பி ‘அவையள்’ என்று சொன்ன அந்தப் பல நாட்டுக்காரர்களுக்கு எழுதினாள். அவர்கள் முதலில் துக்கம் சொன்னார்கள். பிறகு அந்தப் போனுக்கான இயங்குதளப் பதிப்பைக் கொடுப்பதை நிறுத்தினார்கள். வைத்திருப்பவர்கள் எல்லாருக்கும் எச்சரிக்கை போனது. எங்கோ ஒரு நாட்டில் தனியாக இருக்கும் ஒரு மனுஷி, இதே போன்தான் தன்னிடமும், இது ஒன்றுதான், என்று பதில் எழுதியிருந்தாள். அன்றைக்கே வேறொன்று வாங்கிவிட்டாளாம். அவள் யாரென்று எனக்குத் தெரியாது. அந்தப் பிழை அவள் வீட்டில் போய் நிற்கவில்லை.

காரணம் இன்னும் பிடிபடவில்லை. நான் அழைத்த போனில் ஒன்றையும் அழிக்காமல் அப்படியே வைத்திருக்கச் சொல்லியிருக்கிறார்கள். அவருடைய கதிரைக்கு முன்னால், மேசையில், வயர் பூட்டியபடி கிடக்கிறது. பேத்தி பின்னேரங்களில் அதைக் கணினியோடு பொருத்துகிறாள். கறுப்புத் திரையில், போன் தனக்குள் குறித்துவைத்த வெள்ளை வரிகள் ஓடுகின்றன. எனக்கு ஒன்றும் விளங்காது. என்றாலும் பக்கத்தில் இருக்கிறேன். அந்த வரிகளுக்குள் எங்கோ ஓரிடத்தில், நான் மந்திரம் சொன்ன நேரம் இருக்கிறது.

இரண்டையும் சொல்லிவிட்டேன் தம்பி. அவர்கள் தேடுகிறார்கள். நீங்கள் இளைப்பாறுங்கள்.