இரண்டாம் கட்டு வரை எட்டும் வாட்ச்

போன மாதம் தேவகோட்டைப் பள்ளி ஒன்றிலிருந்து வேலைக்குக் கூப்பிட்டார்கள். போன் அடித்தது கேட்காததால் நான் எடுக்கவில்லை. வேலை வேறொருவருக்குப் போய்விட்டது.

பள்ளத்தூரில் நாங்கள் வாடகைக்கு இருக்கும் வீடு ஒரு தெருவில் தொடங்கி அடுத்த தெருவில் முடிகிறது. சுவர் தடிமனுக்கு முகப்பில் மட்டும்தான் சிக்னல். சமையல்கட்டோ கடைசியில். போன் அடித்தால் எனக்குக் கேட்காது.

அதற்காகத்தான் ஸ்மார்ட்வாட்ச் வாங்கினேன். போனை முகப்பில் வைத்துவிட்டு, வாட்சைக் கட்டிக்கொண்டு நடந்து பார்த்தேன். இரண்டாம் கட்டில், அதாவது இரண்டாவது முற்றத்தில், மூன்றாவது தூண் வரைதான் புளூடூத் எட்டுகிறது.

இன்று காலை இன்னொரு பள்ளியிலிருந்து கூப்பிடுவதாகச் சொல்லியிருந்தார்கள். முகப்பில் வெங்காயம் உரிக்க வீட்டுக்கார ஆச்சி விடமாட்டார். அதனால் அரிவாள்மனை, வெங்காயம், மாவுச்சட்டி எல்லாவற்றையும் அந்தத் தூணடிக்கே கொண்டுவந்துவிட்டேன்.

ஆச்சி வந்து பார்த்தார். "என்னத்தா, இங்கன உக்காந்துட்ட?"

"கோச்சுக்காதீக ஆச்சி. இதுக்கு அங்குட்டுப் போனா வாட்ச் அடிக்காது. கால் வர்ற வரைக்கும் நகர மாட்டேன்."

ஆச்சி எதிரே உட்கார்ந்து வெங்காயம் உரிக்கத் தொடங்கினார்.

பதினொரு மணிக்கு மணிக்கட்டு அதிர்ந்தது. மாவுக்கையின் சுண்டுவிரலால் தட்டினேன்.

"வேலை உங்களுக்குத்தான். எப்ப சேரலாம்?" பள்ளி அலுவலகப் பெண்ணின் குரல் முற்றம் முழுக்கக் கேட்டது.

நான் வாயைத் திறப்பதற்குள் ஆச்சி சொன்னார்: "நாளைக்கே வந்துருவா!"

அந்தப் பக்கம் ஒரே சிரிப்பு. "நாளைக்கு ஞாயித்துக்கிழமைம்மா. திங்கக்கிழமை அனுப்பி வைங்க."

திங்கள்கிழமை சேர்கிறேன்.

ஒன்றுதான் கவலை. போன் அடித்தால் யாருக்குமே கேட்காத வீட்டில், வாட்சில் பேசினால் எல்லோருக்கும் கேட்கிறது. யோசனை இருப்பவர்கள் கமென்ட்டில் எழுதுங்கள். தயவுசெய்து கூப்பிட்டுச் சொல்லாதீர்கள்.