கைமாத்து

பழனாத்தாளின் வேலையை விளக்கப் பெரிய பேச்சு தேவையில்லை. போல்ட்டை எடுக்க வேண்டும், வாஷரைக் கோர்க்க வேண்டும், நட்டை விரலாலேயே கொஞ்சம் ஏற்றித் தட்டில் போட வேண்டும். பீளமேட்டில் பம்ப்செட் செய்கிற ஒரு சின்னக் கம்பெனி. புருஷனை விட்டு வந்த புதிதில் காங்கயம் பக்கம் அண்ணன் வீட்டில்தான் இருந்தாள். அங்கே அவளை யாரும் அடிக்கவில்லை, திட்டவும் இல்லை. இவள் சாப்பிட உட்காரும்போதெல்லாம் அண்ணி சோற்றுக் குண்டாவின் அடியைக் கரண்டியால் சுரண்டுவாள். அவ்வளவுதான். அந்தச் சத்தத்துக்குப் பயந்துதான் போத்தனூரில் ஒற்றை அறை பிடித்து இந்த வேலைக்கு வந்தாள். வந்த பிறகு தட்டில் விழுகிற இரும்பின் சத்தம்தான் அவளுக்கு நிம்மதியாக இருந்தது.

பெண்கள் வரிசையில் ஒரு வழக்கம் உண்டு. ஒருத்திக்கு வயிற்று வலி, இன்னொருத்திக்குப் பிள்ளை தூங்கவிடவில்லை, அன்றைக்குப் பார்த்துக் கை ஓடாது. பக்கத்தில் இருப்பவள் தான் முடித்ததில் ஒரு கை அள்ளி அவள் தட்டில் போட்டுவிடுவாள். அதற்குக் கைமாத்து என்று பேர். திருப்பித் தா என்று யாரும் கேட்டதில்லை, திரும்பி வராமல் போனதும் இல்லை.

ஆடி மாதம் மதன்குமார் வந்தான். காலேஜில் புள்ளியியல் படிக்கிறவன். போல்ட் கோர்ப்பதில் ஆண்கள் வேகமா, பெண்கள் வேகமா என்று கணக்குப் போட்டுப் பார்க்கப் போகிறானாம். அதற்குள் இன்னொரு பேச்சும் கிளம்பிவிட்டது. துடியலூரில் இருக்கிற கம்பெனியின் இன்னொரு ஷெட்டில் புது மெஷின் வைக்கிறார்கள், கையால் கோர்க்கப் பாதிப் பேர் போதும், தோற்கிற கூட்டத்தை வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள் என்று.

"அப்படியெல்லாம் இல்லீங்கக்கா. பேருகூட எழுதறதில்ல. தட்டுல நம்பர் மட்டும்தான்" என்றான் மதன்குமார். அவன் முகத்தில் பொய் இல்லை. அதனாலேயே பழனாத்தாளுக்குப் பயம் கூடியது.

உட்காரும் இடத்தைச் சீட்டுக் குலுக்கிப் போட்டார்கள். ஆணும் பெண்ணும் கலந்து உட்கார்ந்தார்கள். பழனாத்தாளுக்கு ஒரு பக்கம் குமாரசாமி, மறுபக்கம் மெஹராஜ். ஆத்துப்பாலத்திலிருந்து வருகிற மெஹராஜ் புருஷன் இல்லாமல் இரண்டு பிள்ளைகளை வளர்க்கிறவள்.

"என்னுங்க அம்மணி, கைக்கு மருதாணி வெச்சுட்டு வந்திருக்கீங்களா? நட்டு வழுக்கப் போகுது" என்றார் குமாரசாமி.

"நீங்க மீசைல கோர்க்காம கைல கோருங்க, அது போதும்" என்றாள் பழனாத்தாள். வரிசையே சிரித்தது. மெஹராஜ் மட்டும் சிரிக்கவில்லை. கட்டை விரலில் துணி சுற்றியிருந்தாள். சமையலறையில் அரிவாள்மனை வெட்டியிருந்தது.

விசில் ஊதினான் மதன்குமார். இரும்பு மழை தொடங்கியது. பழனாத்தாளின் விரல்கள் அவளைக் கேட்காமலே ஓடின. கொஞ்ச நேரம் கழித்துப் பக்கத்தில் பார்த்தாள். மெஹராஜின் தட்டில் அடி தெரிந்தது. துணியில் ரத்தம் ஊறி, நட்டுகள் நழுவிக்கொண்டிருந்தன.

இவள் ஒருத்தி பின்தங்கினால் பொம்பளைகள் எல்லோருக்கும்தானே கேடு என்று நினைத்தாள் பழனாத்தாள். ஒரு கை அள்ளிப் பக்கத்துத் தட்டில் போட்டாள். பிறகு இன்னொரு கை. பெண்களில் யார் தட்டும் காலியாகத் தெரியக்கூடாது என்பதுதான் அவள் கணக்கு. தன் தட்டைப் பார்க்கவே இல்லை. மெஹராஜ் தலை நிமிராமல் "அக்கா" என்றாள். "கோருடா கண்ணு" என்றாள் இவள்.

ஒரு வாரம் கழித்து மதன்குமார் சந்தோஷமாக வந்தான். ஆணுக்கும் பெண்ணுக்கும் வித்தியாசமே இல்லையாம். தெரிகிற சின்ன வித்தியாசமும் தற்செயலாக வரக்கூடியதுதானாம். பெண்கள் கைதட்டினார்கள். பழனாத்தாள் பெருமையை மறைக்கத் தெரியாமல் கேட்டாள்.

"ஏனுங்க தம்பி, ஒருத்தி தட்டு காலியா இருந்திருந்தா நாங்க தோத்திருப்பமுங்களா?"

"அப்படி இல்லீங்கக்கா. பொம்பளைங்க எல்லாருதையும் கூட்டித்தான் சராசரி பார்க்கறது. உங்களுக்குள்ள எந்தத் தட்டுல இருந்தாலும் மொத்தம் ஒண்ணுதானுங்களே."

அவள் தலையாட்டினாள். புரிந்தது, உள்ளே மெதுவாக இறங்கியது.

வித்தியாசம் இல்லை என்றதும், ஆளைக் குறைக்கக் காத்திருந்த மேனேஜருக்கு வேலை சுலபமாகிவிட்டது. ஆணா பெண்ணா என்று பார்க்க வேண்டியதில்லை, குறைவாகக் கோர்த்தவர்கள் போகலாம். தட்டு நம்பரையும் சீட்டையும் சேர்த்துப் பார்த்தால் பேர் தன்னால் வந்துவிடும். மதன்குமாருக்கு இது தோன்றவே இல்லை. வேலையை விட்டுப் போக வேண்டியவர்களில் பழனாத்தாள் பேர் இருந்தது. மெஹராஜ் பேர் இல்லை.

"அம்மணி, நீங்க எப்படி? உங்க கையில்லாம இந்த வரிசையே ஓடாதே" என்றார் குமாரசாமி. இந்தத் தடவை கிண்டல் இல்லை. அவள் காலித் தட்டுகளைத் துடைத்து அடுக்கினாள். வாயைத் திறந்தால் கைமாத்து வெளியே வரும். வந்தால் வேறொருத்தி போவாள்.

கடைசி நாள் சாயங்காலம் கம்பெனி கேட்டில் நின்றாள். எல்லோரும் போன பிறகு மெஹராஜ் வந்தாள். விரல் ஆறியிருந்தது. சொல்லட்டுமாக்கா என்று அவள் ஒரு வார்த்தை கேட்டிருந்தால் போதும். வேண்டாம் கண்ணு, பிள்ளைகளைப் பாரு என்று சொல்ல இவள் வாயிலேயே வைத்திருந்தாள். அந்த வார்த்தையை எடுத்துக்கொண்டு ஊருக்குப் போயிருந்தால்கூட வழி கொஞ்சம் இலேசாக இருந்திருக்கும்.

மெஹராஜ் அவள் கையைப் பிடித்தாள், பிடித்தபடியே நின்றாள். "பஸ் வருதுங்கக்கா" என்றாள். ஓடிப்போய் ஏறிக்கொண்டாள்.

அறையைக் காலி செய்ய மூட்டை கட்டிவிட்டுப் பழனாத்தாள் அண்ணனுக்குப் போன் போட்டாள். எடுத்தது அண்ணி.

"நாளைக்கு வாரேனுங்கண்ணி."

"வாங்க வாங்க. உங்க ஊடு மாதிரிதானுங்களே" என்றாள் அண்ணி, மரியாதை குறையாமல். கொஞ்சம் பொறுத்து, "எத்தன நாளைக்குங்க?" என்றாள்.

பழனாத்தாள் போனை இடது கைக்கு மாற்றினாள். வலது கையின் கட்டை விரலும் ஆள்காட்டி விரலும் இல்லாத நட்டு ஒன்றை ஏற்றிக்கொண்டிருந்தன.