ஈசானிய மூலையில் வைத்த கல்

உழவர்கரையில் நான் வேலை பார்க்கும் லேத்துப் பட்டறைக்குக் கறுப்பு கிரானைட்டில் ஒரு சர்ஃபேஸ் பிளேட் வந்தது. சாப்பாட்டு மேசை அகலம். கடைந்த சாமான்களை அதன்மேல் வைத்துத்தான் இனி அளவு பார்க்க வேண்டும். அதற்குத் தனி அறை, அறைக்கு ஓர் ஆள் பொறுப்பு என்றார் முதலாளி. அது எனக்குத்தான் என்று வீட்டில் சொல்லிவிட்டேன். முருகனுக்கு அர்ச்சனைகூட ஆகிவிட்டது.

கல்லை மட்டம் பார்த்து வைக்க முதலாளி கூப்பிட்டதோ, எனக்குப் பின்னால் வேலைக்குச் சேர்ந்த பிள்ளைச்சாவடிக்காரனை.

லேத்தில் நின்றபடியே பார்த்தேன். ஸ்டாண்டில் ஐந்து போல்ட். முக்காலி போல ஆடாமல் நிற்க, மூன்றின் மேல்தான் கல்லை உட்கார வைத்தான். மற்ற இரண்டையும் கல்லில் படாமல் இறக்கிவிட்டான். கல்மேல் ரசமட்டத்தை வைப்பான், அதன் குமிழ் நிற்கும்வரை கையைக் கட்டிக்கொண்டு காத்திருப்பான், போல்ட்டைத் தொட்டும் தொடாமலும் திருப்புவான், மறுபடி காத்திருப்பான். எனக்கு வயிறு எரிந்தது. அந்தப் பொறுமை எனக்குக் கோயில் வரிசையில்கூட வராது.

அவன் கல் வைத்திருந்தது அறையின் ஈசானிய மூலை. வடகிழக்கில் பாரம் ஏற்றக் கூடாது, பாரமெல்லாம் தென்மேற்குக் கன்னி மூலைக்குத்தான். எங்கள் வீட்டில் அரிசி மூட்டையைக்கூட ஈசானியத்தில் வைக்க மாட்டோம். முதலாளியிடம் சொன்னேன். பக்தியில் சொன்னேனா, பொறாமையில் சொன்னேனா என்றால் இரண்டும்தான். அவருக்கு முகம் மாறிவிட்டது. மறுநாளே கல் கன்னி மூலைக்குப் போனது.

"அண்ணே, அங்க மேக்கு சுவர்ல வெயில் அடிக்குமே" என்றான் அவன்.

"சாஸ்திரம் நான் எழுதுனதா?" என்றேன்.

அவன் முதலிலிருந்து மட்டம் பார்த்தான்.

காலையில் நடுவில் நின்ற குமிழ் மத்தியானம் விலகியது. தினமும் இதே கதை. அவன் கைவேலை சரியில்லை என்று டீ குடிக்கும்போது சொல்லிப் பார்த்தேன், யாரும் காதில் வாங்கவில்லை. ஒருநாள் மத்தியானம் முதலாளி மேற்குச் சுவரில் உள்ளங்கையை வைத்தார், சூட்டில் சட்டென்று எடுத்துக்கொண்டார். கல் பழைய மூலைக்கே திரும்பியது. அறைச் சாவியும் அவனிடம் போனது.

"சாமி கோச்சுக்காம வெள்ளிக்கிழம நீயே பூசை போட்டுடுப்பா" என்றார் என்னிடம். எனக்கு ஆறுதலாக இருக்கும் என்று நினைத்திருப்பார்.

பூசையன்று சந்தனத்தோடு கல்லருகே போனேன்.

"கல்லு மேல வேணாம்ணே, ஸ்டாண்டு கால்ல வைங்க" என்றான். மரியாதையாகத்தான் சொன்னான். குனிந்து வைத்தேன். முருகா, இந்த எரிச்சலை எடுத்துவிடு என்று கேட்கத்தான் கண்ணை மூடினேன். சாவியை எனக்குக் கொடு என்றுதான் வந்தது.

தட்டில் கற்பூரம் அணைந்ததும், காலையில் நான் கடைந்த புஷ்ஷை எடுத்துக் கல்லில் வைத்து, அளவு காட்டும் டயலை அதன்மேல் ஓட்டினான்.

"சரியா இருக்குண்ணே" என்றான்.

என் வேலை சரியென்று அவன் சொல்லித்தான் எனக்குத் தெரிய வேண்டியிருந்தது.